பூஸ்டர் தேடும் தம்பி தங்கைகளுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டு முன்னறைதான் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை. சுற்றுத் தோட்டத்துப் பிள்ளைகள் மோட்டாரில் சிபியுவை மடியில் அணைத்துக்கொண்டு வந்து இறங்குவார்கள். "அக்கா, ரொம்ப லேக் அடிக்குது. நல்ல பூஸ்டர் ஒன்னு போட்டுக் குடுங்க." லேக் என்றால் கேம் திணறுவது, பூஸ்டர் என்றால் கேமை வேகமாக்குவதாகச் சொல்லும் மென்பொருள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போன மாதம் படிவம் நான்கு படிக்கும் பையன் ஒருவன் வந்தான். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் அம்மா, சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிக் கொடுத்த பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் அது. ஏதோ ஒரு வீடியோவுக்குக் கீழே கிடந்த லிங்க்கிலிருந்து 'எஃப்பிஎஸ் பூஸ்டர்' இறக்கியிருக்கிறான். பாஸ்வேர்டு போட்ட ஜிப் கோப்பு. கூடவே, 'ஆன்ட்டிவைரஸை நிறுத்திவிட்டு ஓட்டவும்' என்று ஒரு குறிப்பு. விடிந்து பார்த்தால் ஈமெயில், கேம் அக்கவுண்ட், அரட்டை ஆப்பான டிஸ்கார்ட் மூன்றும் கையை விட்டுப் போயிருந்தன. அந்த அம்மா என் வாசலில் நின்ற முகம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

ஜிப்புக்குப் பாஸ்வேர்டு போடுவதே ஆன்ட்டிவைரஸ் உள்ளே பார்க்கக்கூடாது என்பதற்காகத்தான். உள்ளே இருக்கும் திருட்டு நிரல், பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போகும். குக்கீ என்பது நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்துவிட்டதற்கான சீட்டு. அது கிடைத்தால் போனுக்கு ஓடிபி வராமலே உள்ளே நுழையலாம். ரெட்லைன் என்ற திருட்டு நிரல் இப்படித்தான் கேம் சீட் (ஏமாற்றி ஜெயிக்க), கிராக் (காசு கொடுக்காமல் ஓட்ட) என்ற பெயர்களில் பரவியது. 2024 அக்டோபரில் பல நாட்டுப் போலீஸ் சேர்ந்து அதன் சர்வர்களை முடக்கினார்கள். ஆனால் அதே வகை நிரல்கள் வேறு பெயர்களில் இன்னும் சுற்றுகின்றன. எந்த மென்பொருளாவது விண்டோஸின் ஆன்ட்டிவைரஸான டிஃபெண்டரை நிறுத்தச் சொன்னால், அல்லது ஒரு ஃபோல்டரை எக்ஸ்க்ளூஷனில் (அது சோதிக்காமல் விடும் பட்டியலில்) சேர்க்கச் சொன்னால், அந்த நிமிடமே அழித்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்களா? முதலில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள். பாஸ்வேர்டுகளை அந்த மெஷினில் மாற்றாதீர்கள், வேறு போனில் மாற்றுங்கள். ஈமெயில்தான் முதலில். அதில் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள், அப்போதுதான் திருடின குக்கீ செல்லாமல் போகும். வீட்டில் யாராவது அதில் பேங்க் கணக்கைத் திறந்திருந்தால் பேங்க்கை உடனே அழையுங்கள். பணம் போயிருந்தால் மலேசியாவின் இணைய மோசடி உதவி எண்ணான 997க்கும் அழையுங்கள். பிறகு, விண்டோஸ் திறக்கும் முன்பே சோதிக்கும் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் போடலாம், சுமார் 15 நிமிடம் ஆகும். நான் அதோடு நிறுத்துவதில்லை. விண்டோஸையே புதிதாகப் போட்டால்தான் எனக்கு நிம்மதி.

பாதுகாப்புக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதும். காசு கொடுத்து வாங்கும் ஆன்ட்டிவைரஸின் 'கேம் மோட்', பெரும்பாலும் விளையாடும் நேரத்தில் அறிவிப்பையும் ஸ்கேனையும் தள்ளிவைக்கும் வேலைதான். அதைவிடப் பயன் தருவது, விளையாட அட்மின் உரிமை இல்லாத தனி அக்கவுண்ட் ஒன்று வைப்பது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. பதிவு செய்தவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை சிபியுவாவது வேண்டும். ஆபீஸ் மெஷின் வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். விண்டோஸ் 11இல் வாலரண்ட் என்ற கேம் ஆட, டிபிஎம்மோடு செக்யூர் பூட்டும் (நம்பகமான நிரலை மட்டும் தொடங்கவிடும் வசதி) ஆன் ஆகியிருக்க வேண்டும். அதற்காகப் பயாஸில் (மெஷினின் அடிப்படை செட்டிங்ஸில்) கை வைக்கும் முன் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து, பயாஸ் மோட் 'யுஇஎஃப்ஐ' என்று இருக்கிறதா பாருங்கள். 'லெகசி' என்றிருந்தால் தொடாதீர்கள், மெஷின் பூட் ஆகாமல் போகலாம்.

இனி வேகம். பூஸ்டர் செய்வது, பின்னால் ஓடும் புரோகிராம்களை மூடுவது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையில்லாததை நீங்களே நிறுத்தலாம். குப்பைக் கோப்புகளை நீக்கும் கிளீனர்களும் அப்படித்தான், இல்லாமலே சமாளிக்கலாம். 2017இல் சிகிளீனரின் அதிகாரபூர்வ பதிப்புக்குள்ளேயே வைரஸ் புகுந்து 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களுக்குப் போனது.

உண்மையான லேக் எங்கே இருக்கும் தெரியுமா? மானிட்டர் கேபிளைக் கிராஃபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருப்பார்கள். நொடிக்கு 144 முறை படம் மாற்றும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, செட்டிங்ஸில் 60இலேயே விட்டிருப்பார்கள். டிஸ்ப்ளேக்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் மாற்றலாம். ரேம் ஒரே ஒரு குச்சியாக இருக்கும். அந்தப் பையனுடையதும் ஒற்றை 8 ஜிபிதான். அதே மாதிரி இன்னொன்று போட்டுக் கொடுத்தேன், சண்டைக் காட்சியில் வந்த திணறல் அடங்கியது. 3200 என்று எழுதியிருக்கும் ரேம், பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை முழு வேகத்தில் ஓட்டும் வசதி) ஆன் செய்யாவிட்டால் 2133 அல்லது 2400இல் ஓடிக்கொண்டிருக்கலாம். பழைய ஆபீஸ் போர்டுகள் பலவற்றில் அந்த வசதி கிடையாது. டிரைவரை என்விடியா, ஏஎம்டி தளங்களிலிருந்து நேராக எடுங்கள். பிங், அதாவது கேம் சர்வரிலிருந்து பதில் வரும் நேரம், அதிகம் என்றால் வைஃபையை விட்டுக் கேபிள் போட்டுப் பாருங்கள்.

தோட்டத்துச் செம்மண் தூசி ஃபேனை அடைத்தால், சூடு தாங்காமல் சிபியு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதுங்கள்.

சாயங்காலம் மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால் பிளக்கைப் பிடுங்குங்கள். ரவுட்டரிலிருந்து வரும் கேபிளையும் சேர்த்துத்தான். இடி விழுந்து போன மதர்போர்டுகள் என் மேசைக்கடியில் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன.