எஞ்சின் ஆயில் வாங்கும்போது டப்பாவில் எதைப் பார்ப்பது?

"நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் சார் நல்லது" என்று கடைக்காரர் 20டபிள்யூ-50 டப்பாவை எடுத்து நீட்டினால் உடனே தலையாட்டாதீர்கள், முதலில் டேஷ்போர்டு பெட்டியில் தூங்கும் மேனுவலைத் திறந்து பாருங்கள். 5டபிள்யூ-30 என்று போட்டிருந்தால், டபிள்யூ குளிர்காலத்தைக் குறிப்பது. முன் எண் சிறியதாக இருந்தால் காலையில் வண்டியைக் கிளப்பியதும் ஆயில் சட்டென்று மேலே ஏறும், பின் எண் எஞ்சின் சூடானபின் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்கிறது, அதை 100 டிகிரி செல்சியஸில் அளக்கிறார்கள். இப்போதைய சின்ன பெட்ரோல் எஞ்சின்கள் பலவும் 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயிலுக்கென்றே செய்யப்பட்டவை, அதில் கெட்டி ஆயிலை ஊற்றினால் மைலேஜ்தான் குறையும்.

பிஎஸ்6 என்ற புகை மாசு விதிப்படி வந்த டீசல் வண்டி என்றால் இன்னும் கவனம். புகை வெளியேறும் வழியில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கும், சாம்பல் அதிகம் விடும் ஆயில் அதை மெல்ல அடைத்துவிடும். அதனால் சாம்பல் குறைவாக விடும் ஆயில்களுக்கான ஐரோப்பியத் தரக்குறிகளான ஏசிஇஏ சி2, சி3 என்று மேனுவல் எதைக் குறிப்பிடுகிறதோ அதையே கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், மிச்சம் இருக்கிறதே என்று டப்பாவைக் கவிழ்க்க வேண்டாம். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டக் கூடாது.