கெம்மி கணவாய்க்கு ஏறப் போறவைக்கு

திருகோணமலையில இருந்து கோடை லீவுக்கு சுவிஸ் சொந்தக்காரர் வீட்ட போற ஆக்கள் கெம்மி கணவாய் ஏற நினைச்சா, போக முதல் கோணேசர் கோயில் ஏத்தத்தில பையையும் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கிப் பழகுங்கோ. ஏறத் தொடங்குற லொய்கர்பாட் கிராமமே கிட்டத்தட்ட 1400 மீற்றர் உயரம், அங்கயிருந்து செங்குத்துப் பாறையில வெட்டின வளைவுப் பாதையில இன்னும் 900 மீற்றர் ஏறோணும். பாதையோரத்து மஞ்சள் வழிகாட்டிப் பலகையில போட்டிருக்கிறது நிக்காம நடக்கிற நேரம் மட்டும்தான், இளைப்பாறுறதுக்கு தனியா கூட்டுங்கோ. காலமையே வெளிக்கிடுங்கோ, கோடையில இடிமின்னல் கூடுதலா பின்னேரம்தான் வாறது.

முக்கியமா கொட்டன் பெனியன், ஜீன்ஸ் வேண்டாம், ஏறேக்க வேர்வையில ஊறிப்போய் மேல காத்துப் பட்டோடன உடம்பு விறைக்கத் தொடங்கிடும், பையில காய்ஞ்ச ரீசேட் ஒண்டும் மழை தாங்குற ஜக்கற்றும் கட்டாயம் வையுங்கோ. ஜூன்லயும் மேல பனி கிடக்கலாம், சப்பாத்து வழுக்காததாப் பாருங்கோ.

இறங்கேக்கதான் முழங்கால் கூட நோகும், ஏலாத ஆக்கள் கேபிள் காரில வரலாம், கடைசிக் கார் எத்தின மணிக்கு எண்டு ஏற முதலே பாத்து வையுங்கோ. கீழ நம்மட கன்னியா மாதிரி வெந்நீர் ஊற்றுக் குளியலும் இருக்கு, மாத்து உடுப்பை மறக்காதேங்கோ.