க்யூடி, மோட்டிஃப்ல ஆப் எழுதப் போறீங்களா? லைசென்ஸ ஒரு தடவ பாத்துட்டு ஆரம்பிங்க

கோட் நம்மளுது, ஜிபிஎல் (ஆப்ப யாருக்கு குடுத்தாலும் சோர்ஸையும், அத மாத்தி மத்தவங்களுக்கு குடுக்கற உரிமையையும் சேத்து குடுக்கணும்னு சொல்ற லைசென்ஸ்) போட்டாச்சு, வேலை முடிஞ்சுதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. ஆனா பட்டன், மெனு எல்லாம் வரைஞ்சு குடுக்கிற க்யூடி, மோட்டிஃப் மாதிரி டூல்கிட் இன்னொருத்தரோட சொத்து, அதுக்கு தனி லைசென்ஸ் இருக்கு, அது உங்க லைசென்ஸோட ஒத்துப்போகலன்னா ஆப்ப யாருக்கும் குடுக்க முடியாது. லினக்ஸ்ல இத செக் பண்றது ரொம்ப ஈஸி.

ஸ்டெப் 1: டெர்மினல் திறந்து, ஒரு ப்ரோக்ராம் எந்தெந்த லைப்ரரிய இழுக்குதுன்னு காட்டற எல்டிடி கமாண்டுக்கு உங்க ப்ரோக்ராமோட முழு பாத்தையும் குடுங்க. நீளமா ஒரு லிஸ்ட் ஓடும், பயப்படாதீங்க. அதுல லிப்எக்ஸ்எம்னு இருந்தா மோட்டிஃப், லிப்க்யூடின்னு ஆரம்பிச்சா க்யூடி, லிப்ஜிடிகேன்னா ஜிடிகேங்கற இன்னொரு டூல்கிட்.

ஸ்டெப் 2: டெபியன், உபுண்டுவா இருந்தா யூஎஸ்ஆர், ஷேர், டாக்னு ஒவ்வொரு ஃபோல்டரா உள்ள போங்க, அங்க அந்த லைப்ரரியோட பேக்கேஜ் பேர்ல ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுக்குள்ள காப்பிரைட்னு ஒரு ஃபைல். அதத்தான் படிக்கணும், விக்கில எவனோ எழுதினத இல்ல.

ஸ்டெப் 3: ரெண்டு லைசென்ஸும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. இங்கதான் பெரிய பெரிய ஆளுங்களே மாட்டிருக்காங்க. கேடிஇங்கற லினக்ஸ் டெஸ்க்டாப்ப 1996ல க்யூடி மேல கட்ட ஆரம்பிச்சாங்க, கேடிஇ ஜிபிஎல், ஆனா க்யூடிய எழுதின ட்ரோல்டெக் கம்பெனி அப்ப குடுத்த க்யூடி லைசென்ஸ்ல மாத்தின வெர்ஷன வெளிய குடுக்கக் கூடாது. அதனால 1998ல டெபியன் கேடிஇய தூக்கிட்டாங்க, அதுக்கு முன்னாடியே 1997ல க்னோம்னு இன்னொரு டெஸ்க்டாப் ஆரம்பிச்சதுக்கும் இதான் காரணம். 2000ல க்யூடி 2.2 ஜிபிஎல்ல வந்தப்புறம்தான் சண்ட ஓஞ்சுது, க்ளோஸ்டு ஆப்பும் பயன்படுத்திக்கலாம்னு விடற, ஜிபிஎல்ல விட தளர்வான எல்ஜிபிஎல் வந்தது 2009ல, க்யூடி 4.5ல.

மோட்டிஃப் கதை இன்னும் வேடிக்க. ஓஎஸ் கூடவே வர்ற லைப்ரரிக்கு சோர்ஸ் குடுக்க வேண்டாம்னு ஜிபிஎல் 2ல ஒரு விதிவிலக்கு இருக்கு, அதனால மோட்டிஃப் க்ளோஸ்டா இருந்த காலத்துல, அது கூடவே வந்த சோலாரிஸ்ங்கற ஓஎஸ்ல ஜிபிஎல் ப்ரோக்ராம அதோட லிங்க் பண்ண, அதாவது கோத்து ஓட வைக்க முடிஞ்சுது, அதே ப்ரோக்ராமுக்கு மோட்டிஃப் கூட வராத லினக்ஸ்ல அந்த சலுகை இல்லாம இருந்துச்சு! காசு குடுத்து மோட்டிஃப் வாங்காதவங்களுக்காக நெட்ஸ்கேப் ப்ரவுசர ஸ்டாட்டிக்கா, அதாவது மோட்டிஃப ப்ரோக்ராமுக்குள்ளயே சேத்து லிங்க் பண்ணி குடுத்தாங்க, வேற சில பேர் மோட்டிஃபுக்கு லெஸ்டிஃப்னு ஒரு நகலே எழுதினாங்க. 2000ல ஓப்பன் மோட்டிஃப்னு விட்டாங்க, ஆனா ஓஎஸ் ஓப்பன் சோர்ஸா இருந்தாத்தான் ஃப்ரீ, அத எப்படி ஓப்பன்னு சொல்றது. 2012லதான் ஒழுங்கா எல்ஜிபிஎல்.

ஸ்டெப் 4: ஆப்ப க்ளோஸ்டா, அதாவது சோர்ஸ் குடுக்காம விக்கப் போறீங்கன்னா எல்ஜிபிஎல் லைப்ரரிய டைனமிக்கா, அதாவது தனி ஃபைலா வச்சு லிங்க் பண்ணுங்க, வாங்கினவர் அந்த லைப்ரரிய மட்டும் மாத்திக்க வழி இருக்கணும். க்யூடில எல்லா மாட்யூலும் எல்ஜிபிஎல் இல்லங்கறதையும் மறக்காதீங்க, க்யூடி சார்ட்ஸ் ஜிபிஎல், இல்லன்னா காசு.

பைத்தான் ஆளுங்களுக்கு ஒண்ணு: க்யூடி எல்ஜிபிஎல்தானேன்னு நம்பி, க்யூடிய பைத்தான்ல பயன்படுத்த வைக்கிற பைக்யூடில ஒரு கடைக்கு பில்லிங் ஆப் முழுசா எழுதிட்டேன், குடுக்கறதுக்கு முந்தின நாள்தான் காப்பிரைட் ஃபைல திறந்தேன், பைக்யூடி ஜிபிஎல், சோர்ஸ் குடுக்க மனசில்லன்னா காசு கட்டணும். ராத்திரியோட ராத்திரியா அதே வேலைய செய்யற, எல்ஜிபிஎல்ல இருக்கிற பைசைடுக்கு மாத்தினேன், இம்போர்ட் லைன் எல்லாம் மாத்தி, பைக்யூடி சிக்னல்னு இருந்த இடத்துல எல்லாம் வெறும் சிக்னல்னு போட்டா பெரும்பாலும் அப்படியே ஓடும், எனக்கு ஓடுச்சு.