ஏஐ பாடத்தை இரண்டு பீரியடில் நடத்துவது எப்படி?

ஏஐயின் நன்மை தீமைகளை ஸ்லைடு போட்டு நடத்தினால், பத்தாவது நிமிடமே கடைசி பெஞ்ச் சாட்ஜிபிடியைத் திறந்துவிடும். அதைவிட, அது சறுக்கும் இடத்தை மாணவர்களே கையும் களவுமாகப் பிடிக்கட்டும். 60 பேர் வகுப்பென்றால் 12 குழு, குழுவுக்கு ஒரு போன். வைஃபை படுத்துவிடலாம், இலவசக் கணக்கின் வரம்பு தீர்ந்துவிடலாம். அதனால் முந்தின நாளே சில பதில்களை வாங்கி அச்செடுத்து வையுங்கள்.

முதல் பத்து நிமிடம் போனே வேண்டாம். "மழை வந்ததும் அம்மா மொட்டை மாடிக்கு ஓடிப்போய் எடுத்தது…" என்று பலகையில் எழுதி, அடுத்த சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் 'துணி' ஜெயிக்கும். வடகமும் வற்றலும் நாலைந்து வரும். துணி என்று எழுதிய யாரும் மாடியில் துணி கிடந்ததா என்று பார்த்து எழுதவில்லை. சாட்ஜிபிடிக்குப் பின்னால் இருக்கும் மொழி மாதிரியும் அடிப்படையில் இப்படித்தான் அடுத்த சொல்லைக் கணிக்கிறது. கம்ப்யூட்டர் மாணவர்களாக இருந்தால் இன்னொன்றும் காட்டலாம்: 'தமிழ்' என்ற சொல் யூனிகோடில் 5 குறியீடு, கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். பயிற்சிக்குக் கிடைக்கும் தமிழ் உரையும் குறைவு. அதனால்தான் ஒரே செய்திக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழில் டோக்கன் (மாதிரி உரையை நறுக்கிக்கொள்ளும் துண்டு) கூடுதலாகச் செலவாகிறது.

அடுத்ததுதான் முக்கியமான பயிற்சி. ஒவ்வொரு குழுவும் தன் பாடத்தில் ஒரு குறுகிய தலைப்பை எடுத்து, சாட்ஜிபிடியில் இணையத் தேடலை அணைத்துவிட்டு, ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை ஆசிரியர், இதழ், ஆண்டு விவரங்களோடு கேட்கட்டும். பிறகு கூகுள் ஸ்காலரிலோ நூலகத்திலோ தேடி 'உண்டு', 'இல்லை', 'உண்டு, ஆனால் விவரம் தப்பு' என்று குறிக்க வேண்டும். 'இல்லை' வகையில்தான் பலரும் ஏமாறுவார்கள்: ஆசிரியர் உண்மை, இதழ் உண்மை, அப்படியொரு கட்டுரை மட்டும் இருக்காது. 25 நிமிடத்தில் ஐந்துக்கு மேல் சரிபார்க்க முடியாது. தலைப்பு பொதுவாக இருந்தால் பிரபலமான கட்டுரைகளே வந்து, பிழை சிக்காது. தேடலைப் போட்டு மறுபடி கேட்டால் பிழை குறையும். அதையும் காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும்.

"இது சரியா?" என்று ஏஐயிடமே கேட்கும் குழு ஒன்றாவது இருக்கும். அங்கே நிறுத்தி நியூயார்க் வழக்கைச் சொல்லுங்கள். சாட்ஜிபிடி புனைந்த தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 2023-இல் 5,000 டாலர் அபராதம். அவர்களில் ஒருவர், அதிலொரு தீர்ப்பு உண்மையா என்று சாட்ஜிபிடியிடமே கேட்டிருந்தார், உண்மை என்றது.

இரண்டாவது பீரியடில் குரல். மறைந்த பாடகர்கள் பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் ஏ.ஆர்.ரஹ்மான் 2024-இல் ஏஐ வழியாகப் பாடவைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். அதே ஆண்டு, ஒரு தெலுங்குப் படத்தில் எஸ்.பி.பி. குரல் அனுமதியின்றிப் பயன்பட்டதாகக் குடும்பம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. இதை வைத்து 'ஏஐ வரமா சாபமா' பட்டிமன்றம் நடத்திவிடாதீர்கள், கைதட்டலோடு முடிந்துவிடும். ஒவ்வொரு குழுவும் ஒரு பாடகருக்கான சம்மதப் பத்திரத்தை ஆறு வரியில் எழுதட்டும்: எந்தப் பாட்டுக்கு, எத்தனை வருடத்துக்கு, பணம் யாருக்கு, பின்வாங்க முடியுமா? 'குடும்பம் ஒத்துக்கொண்டால் போதும்' என்று எழுதுகிறவர்களிடம், பாடகரே உயிரோடிருக்கையில் வேண்டாம் என்றிருந்தால் என்ன செய்வது என்று கேளுங்கள். கருணாநிதி, ஜெயலலிதாவின் ஏஐ குரல்கள் 2024-இல் வெளிவந்ததையும் பேசலாம். ஆனால் பத்திரம் எழுதி முடித்தபிறகு. முதலிலேயே எடுத்தால் வகுப்பு கட்சி பிரிந்துவிடும்.

அசைன்மென்டை ஏஐ கண்டறியும் மென்பொருளிடம் விடாதீர்கள். சாட்ஜிபிடியின் நிறுவனமான ஓபன்ஏஐ, தான் உருவாக்கிய அப்படியொரு மென்பொருளையே துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் மூடிவிட்டது. கேட்ட கேள்விகள், கிடைத்த பதில், சிவப்பு மையில் தங்கள் திருத்தம் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லி, திருத்தத்துக்குப் பாதி மதிப்பெண் வையுங்கள். ஆளுக்கு மூன்று நிமிட வைவா. நீங்களும் மாணவர் பெயர், பதிவெண்ணோடு விடைத்தாளை எந்தச் செயலியிலும் ஏற்றக் கூடாது.