பேட்டரி ப்ளோவர்: செட்டிநாட்டு வீட்டுக்கு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாசி பிறந்தால் வேம்பு இலை உதிர்க்கத் தொடங்கும். பங்குனி முடிய ஓயாது. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும் வீட்டில், காலையில் கூட்டிய முற்றம் மதியத்துக்குள் மறுபடி மஞ்சளாகிவிடும். அன்றாடம் கூட்ட ஆள் கிடைக்காத வீடுகளில், காற்றை ஊதி இலையைத் தள்ளும் பேட்டரி ப்ளோவர் வாங்கலாமா என்ற யோசனை அப்போதுதான் வருகிறது. வாங்கலாம், நல்ல கருவிதான். ஆனால் பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருப்பதை நம்பி வாங்கினால் ஆறு மாதத்தில் அது மூலையில் கிடக்கும்.

முதல் கேள்வி விலையைப் பற்றியது அல்ல. வீடு வருஷத்தில் எத்தனை நாள் திறந்திருக்கும்? செவ்வாய்ப் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் மட்டும் வந்து போகிற வீடு என்றால், பேட்டரி உழைத்துத் தேய்வதைவிடச் சும்மா கிடந்து சாவதற்கே வாய்ப்பு அதிகம். கூட்ட வேண்டியது ஒரே முற்றம், பக்கத்திலேயே பிளக் பாயிண்டும் இருக்கிறது என்றால் வயர் வைத்த ப்ளோவரே போதும். விலை குறைவு, பூட்டிய வீட்டில் இரண்டு வருஷம் கிடந்தாலும் கெடாது. முகப்பு, முற்றம், இரண்டாம் கட்டு, பின்கட்டு, தோட்டம் என்று நடந்து நடந்து ஊத வேண்டிய வீட்டுக்குத்தான் பேட்டரி பொருந்தும்.

வோல்ட் எண்ணைப் பார்த்து மயங்குவது

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். லித்தியம் செல் ஒன்றின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட். ஐந்து செல்லை வரிசையாகக் கோத்தால் 18 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஏறியதும் அதே ஐந்து செல் 20 வோல்ட்டைத் தாண்டும். ஆகவே ஒரு கம்பெனியின் ‘18 வோல்ட்’ பேட்டரியும் இன்னொன்றின் ‘20 வோல்ட் மேக்ஸ்’ பேட்டரியும் மின்னழுத்தத்தில் ஒன்றே. 36க்கும் 40க்கும் அதே கதைதான். இரண்டில் பெரிய எண் என்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

இதைவிட மோசம், மலிவுக் கருவிகளில் ‘48’, ‘88’ என்று ஒட்டி, பின்னால் ஒரு எழுத்தையும் சேர்த்திருப்பது. அது வோல்ட் கணக்கே அல்ல, வெறும் மாடல் பெயர். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஐந்து செல்தான். பேட்டரியின் அடியில் சின்ன எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று திருப்பிப் பாருங்கள். சார்ஜரில் ‘அவுட்புட் 21 வோல்ட்’ என்றிருந்தால் அது 18 வோல்ட் பேட்டரி. பேட்டரியில் வாட்-அவர் அளவு எங்குமே போடவில்லை என்றால் அதை வாங்காமல் விடுவது நல்லது.

அந்த வாட்-அவர்தான் உண்மையான கொள்ளளவு. வோல்ட்டை ஏ.எச். (ஆம்பியர்-அவர்) எண்ணால் பெருக்கினால் கிடைக்கும். 18 வோல்ட், 2 ஏ.எச். என்றால் 36 வாட்-அவர், 4 ஏ.எச். என்றால் 72. ப்ளோவர் துளையிடும் மெஷினைப் போல விட்டுவிட்டு ஓடுவது இல்லை, பொத்தானை அழுத்தியது முதல் இழுத்துக்கொண்டே இருக்கும். 300 வாட் இழுக்கும் ப்ளோவரை முழு வேகத்தில் ஓட்டினால் 72 வாட்-அவர் பேட்டரி 14 நிமிஷத்தில் தீரும், 36 வாட்-அவர் ஏழே நிமிஷம். ‘40 நிமிஷம் ஓடும்’ என்று பெட்டியில் இருப்பது மிகக் குறைந்த வேகத்துக்கான கணக்கு. அந்த வேகத்தில் முற்றத்து மூலையில் அப்பிய இலை அசையாது.

அதனால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விசை இல்லாத ப்ளோவர் வேண்டவே வேண்டாம். விசிறி வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். காய்ந்த வேப்பிலைக்கு நடுத்தர வேகம் தாராளம். ஓட்டு இடுக்கு, படிக்கட்டு மூலை என்று வரும்போது மட்டும் முழு வேகத்துக்குப் போனால், 14 நிமிஷப் பேட்டரி 25 நிமிஷம் வரை கூட இழுக்கும்.

காற்றின் வேகத்தை மட்டும் பார்ப்பது

‘மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகம்’ என்பது பாதிச் செய்திதான். காற்று வெளியே வரும் மூக்கைக் குறுக்கினால் எந்தக் காற்றும் வேகமாகத்தான் வரும். இலைக் குவியலை நகர்த்துவது காற்றின் அளவு. ஒட்டிக் கிடப்பதைப் பெயர்ப்பது அதன் வேகம். இரண்டு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

கடையில் இரண்டு வகை இருக்கும். நத்தை ஓடு போல உருண்ட உடம்பும் குட்டை மூக்கும் கொண்டது ஒன்று. நிமிஷத்துக்கு 3 கன மீட்டர் அளவில்தான் காற்று தரும். மரத்தூள் தட்டவும், ஏசி வடிகட்டி சுத்தம் செய்யவும், திண்ணையைத் தூசி தட்டவும் அது சரி. தோட்டத்துக்கு அதை வாங்குவது தவறு. இன்னொன்று முழுக்க நீண்ட குழாயாக, விசிறி குழாய்க்குள்ளேயே நேராகச் சுழல்வது. 10 கன மீட்டருக்கு மேல் தரும். மாவிலை, பலா இலை கிடக்கும் தோட்டத்துக்கு இதுதான். அளவு சி.எஃப்.எம். (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி) என்று போட்டிருந்தால், 100 சி.எஃப்.எம். என்பது நிமிஷத்துக்கு 2.8 கன மீட்டர் என்று மாற்றிக்கொள்ளலாம். எதுவானாலும் ஈர இலையை நகர்த்தாது. மார்கழிப் பனியில் விடியற்காலையில் ஊதிப் பார்த்து ‘சக்தி இல்லை’ என்று சொல்லிப் பயன் இல்லை. தரை காய்ந்த பிறகு எடுங்கள்.

கருவி மட்டும் வாங்கி வருவது

இணையத்தில் பாதி விலைக்குத் தெரிவது பெரும்பாலும் பேட்டரியும் சார்ஜரும் இல்லாத வெறும் உடம்பு. பிறகு தனியாக வாங்கும் பேட்டரியும் சார்ஜரும் கருவி விலையை நெருங்கும், சில சமயம் தாண்டும். அதே கம்பெனியின் துளையிடும் மெஷின் வீட்டில் ஏற்கெனவே இருந்து, பேட்டரியும் பொருந்துமானால் வெறும் உடம்பு வாங்குவது புத்திசாலித்தனம். இல்லையென்றால் முழு செட்டாகவே வாங்குங்கள். கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் என்றால் விலை கொஞ்சம் கூடும், ஆனால் அதே பேட்டரியில் கூடுதல் நேரம் ஓடும்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவிலும் கனடாவிலும் வாசல் பனியை ஒதுக்கும் மெஷினோடு வரும் பேட்டரி அதே கம்பெனியின் ப்ளோவருக்கும் பொருந்தும் என்பதால், அதையே ஊருக்கு எடுத்துவரத் தோன்றும். 56 வோல்ட், 5 ஏ.எச். பேட்டரி 280 வாட்-அவர். பயணிகள் விமானத்தில் 100 வாட்-அவர் வரை தடையில்லை. 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. தனிப் பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பேட்டரி வந்து சேர்ந்தாலும், அங்கத்திய சார்ஜர் 120 வோல்ட்டுக்கு மட்டும் ஆனதாக இருக்கலாம். நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைந்துவிடும். சிங்கப்பூர், மலேசிய சார்ஜருக்கு அந்தப் பயம் இல்லை, பிளக் மட்டும் மாற்ற வேண்டும்.

வீட்டுக்குள்ளும் ஓட்டு மேலும்

செம்மண் தூசி மாவு போன்றது. முற்றத்தைச் சுற்றிய வளவிலும் கூடத்திலும் ப்ளோவரைப் போட்டால் அது வெளியே போகாது. மேலே எழும்பி உத்தரத்திலும், தூண் போதிகைச் செதுக்கலிலும், சாமி படங்களின் இடுக்கிலும் படியும். உள்ளே துடைப்பம்தான். திண்ணையிலும் முகப்பிலும் குறைந்த வேகத்தில் மணலை ஊதித் தள்ளிவிட்டுப் பிறகு ஈரத் துணி போடுவது ஆத்தங்குடித் தரைக் கல்லுக்கு நல்லது. மணலோடு சேர்த்துத் துடைத்தால் பூ வேலையில் கீறல் விழும்.

நாட்டு ஓட்டில் ஊதும்போது எப்போதும் முகட்டிலிருந்து தாழ்வாரம் நோக்கி, ஓடு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் திசையிலேயே ஊத வேண்டும். கீழிருந்து மேல்நோக்கி ஊதினால் காற்று ஓட்டின் அடியில் புகுந்து அதை நகர்த்திவிடும். ஐப்பசி மழையில் உத்தரம் நனைந்த பிறகே அது தெரியவரும். ஏணியில் நின்று ஒற்றைக் கையால் ஊதுவதும் கூடாது, பொத்தானை அழுத்தும்போது கருவி உடம்பைப் பின்னால் தள்ளும். கண்ணாடி, முகக்கவசம் இரண்டும் கட்டாயம். முற்றத்துச் சுவரில் பட்டுத் திரும்பும் சரளைக்கல் கண்ணைத் தேடித்தான் வரும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது சத்தம் திடீரென்று கீச்சென உயர்ந்து காற்றும் குறைந்தால், பின்பக்க வலையில் இலை அடைத்திருக்கிறது என்று பொருள். நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி, காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். தண்ணீர் ஆகாது.

சூட்டில் சார்ஜ், பூட்டிய வீட்டில் பேட்டரி

கத்திரி வெயிலில் ஓட்டி முடித்ததும் பேட்டரி கையால் தொட முடியாத சூட்டில் இருக்கும். உடனே சார்ஜரில் போடாதீர்கள். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றினால் செல் கெடும். நல்ல சார்ஜர் விளக்கைச் சிமிட்டி மறுத்துவிடும், மலிவானது ஏற்றிவிடும். நிழலில் அரைமணி நேரம் ஆறட்டும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்திருந்தால் முதல் நாள் இரவே சார்ஜ் போட்டுவிடுங்கள்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது பலர் செய்வது இரண்டில் ஒன்று: தீர்ந்த பேட்டரியைக் கருவியிலேயே விட்டுவிடுவது, அல்லது முழுச் சார்ஜ் ஏற்றி வைப்பது. தீர்ந்த பேட்டரி மேலும் மெல்ல இறங்கி, சார்ஜரே அடையாளம் காணாத நிலைக்குப் போய்விடும். நிரம்பிய பேட்டரி கோடைச் சூட்டில் வேகமாகக் கொள்ளளவை இழக்கும். நான்கு விளக்கில் இரண்டு எரியும் அளவுக்கு ஏற்றி, கருவியிலிருந்து கழற்றி, மாடியில் அல்லாமல் கீழே தடித்த சுவருள்ள உள்ளறையில் வையுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சாவியோடு சார்ஜரையும் காட்டிக் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேட்டரியின் பொத்தானை அழுத்திப் பார்த்து, ஒரே விளக்கு எரிந்தால் இரண்டாவது எரியும் வரை சார்ஜ் போட்டு, மறக்காமல் பிளக்கிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.