லீ குவான் யூவின் 61 ஆண்டுகளை ஓர் அட்டையில் அடக்குவது எப்படி

சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூவின் அரசியல் வாழ்க்கையைக் காட்டும் காலக்கோடு, மகளின் பள்ளி வேலைக்காக நான் செய்தது இது. முதல் அட்டை வீணாய்ப் போனது. பதவிகளை வரிசையாக எழுதிக்கொண்டே போனால் 31 ஆண்டும் 2 ஆண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

அதனால் ஓர் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அளந்து கோடு போடுங்கள். அவருடைய மக்கள் செயல் கட்சி தொடங்கிய 1954இலிருந்து அவர் மறைந்த 2015 வரை 61 செ.மீ. அட்டையை நீளவாக்கில் வையுங்கள்.

கோட்டுக்கு மேலே சிவப்பில் பிரதமர் பதவி: 1959 ஜூன் முதல் 1990 நவம்பர் வரை. அப்புறம் மூத்த அமைச்சர், 2004 முதல் 2011 வரை மதியுரை அமைச்சர். இவற்றுக்குச் சின்னப் பட்டைகள் போதும்.

கோட்டுக்குக் கீழே நீலத்தில் தஞ்சோங் பகார் தொகுதி. 1955இல் ஜெயித்தவர் இறக்கும் வரை அதன் உறுப்பினர். இந்தப் பட்டையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

சிங்கப்பூர் மலேசியாவோடு இருந்த காலத்தை மஞ்சளில் தீட்டுங்கள். 1963 செப்டம்பர் 16இல் இணைப்பு, அன்று அவருக்கு 40வது பிறந்தநாள். 1965 ஆகஸ்ட் 9இல் பிரிவு. இரண்டு செ.மீ.கூட வராது. எழுத இடம் பத்தாது, அம்புக்குறி போட்டு வெளியே எழுதுங்கள்.