ட்வீட்டர் கருகாமல் காக்க: ஸ்பீக்கர் பெட்டிக்குள் பாலிஸ்விட்சைப் பொருத்தும் முறை

வீட்டிலேயே ஸ்பீக்கர் பெட்டி செய்பவர்கள் முதலில் பறிகொடுப்பது பெரும்பாலும் உயர் ஒலிகளைத் தரும் சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டரைத்தான். ஆம்ப்ளிஃபயரை அதன் சக்திக்கு மேல் முடுக்கும்போது ஒலியலையின் முகடுகள் வெட்டுப்பட்டு, அதனால் எழும் கூடுதல் உயர் அதிர்வெண் ஆற்றல் ட்வீட்டரின் மெல்லிய கம்பிச்சுருளில் இறங்கி அதைக் கருக்கிவிடுகிறது. ட்வீட்டரைக் காக்கும் பாகங்கள் இரண்டு: தாழ்ந்த ஒலியைக் குறைக்கும் கெபாசிட்டர், மின்னோட்டம் மிகும்போது அதைத் தடுத்து, ஆறியதும் தானாகவே மீளும் பாலிஸ்விட்ச். இரண்டும் விலை மலிவானவை. அவற்றைப் பெட்டிக்குள் உட்கார வைப்பதில்தான் கவனம் தேவை.

8 ஓம் ட்வீட்டருடன் 4.7 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டரைத் தொடராக இணைத்தால், ஏறத்தாழ 4,200 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலி படிப்படியாகக் குறையும். பாலிஸ்விட்ச் அதற்கு அடுத்து, ட்வீட்டருக்குச் செல்லும் ஒயரில் மட்டுமே வர வேண்டும். பின்புற டெர்மினலிலேயே வைத்தால், தாழ்ந்த ஒலி தரும் பெரிய ஸ்பீக்கரான வூஃபரின் மின்னோட்டமும் அதன் வழியே பாய்ந்து, காரணமில்லாமல் தடைபடும். 10 வாட் ட்வீட்டருக்கு, 0.5 ஆம்பியரைத் தாங்கி 1 ஆம்பியரில் தடுக்கும் வகை பொருத்தமானது. 8 ஓமில் 1 ஆம்பியர் என்பது 8 வாட்; அதாவது ட்வீட்டரின் 10 வாட்டை எட்டுமுன்பே தடுத்துவிடும்.

இரண்டையும் ஒயரில் தொங்கவிடக் கூடாது. வூஃபரின் அதிர்வில் கெபாசிட்டரின் கால்கள் அடியோடு முறிந்துவிடும். உள்ளங்கை அளவு ஹைலம் ஷீட்டில் (மின்சாரம் கடத்தாத கெட்டித் தகடு) துளையிட்டு, கெபாசிட்டரைக் கேபிள் டையால் இறுக்கிக் கட்டி, அடியில் சிறிது சிலிக்கான் பசை வைக்கவும். ஷீட்டைப் பெட்டியில் பொருத்தும் திருகு பலகையின் கனத்தைவிடக் குட்டையாக இருக்கட்டும். வெளியே துளைத்துக்கொண்டு வந்தால் காற்று கசியும்.

பாலிஸ்விட்சுக்கு இதற்கு நேர்மாறான பராமரிப்பு வேண்டும். மின்னோட்டம் மிகும்போது அது 100 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாகி, உள்ளிருக்கும் பாலிமர் உப்பி, அதிலுள்ள கரித்துகள்கள் ஒன்றையொன்று விட்டு விலகுவதால்தான் மின்தடை உயர்கிறது. ஆகவே அதன்மேல் பசையோ ஸ்லீவோ போடாமல், கால்களை ஒரு சென்டிமீட்டர் நீளம் விட்டு நிமிர்த்தி நிற்க வைத்து, பெட்டிக்குள் அடைக்கும் பஞ்சு சுற்றிலும் நெருங்காதபடி இடம் விடவும். நான் செய்த முதல் பெட்டியில் பஞ்சு அதன்மேல் படிந்திருந்தது. சூடு வெளியேற வழியின்றி, நடுத்தர ஒலியிலேயே ட்வீட்டர் மங்கிப்போனது. பஞ்சை ஒதுக்கியதும் சரியாயிற்று.

பெட்டியை மூடுமுன் மல்டிமீட்டரால் பாலிஸ்விட்சை அளந்து பாருங்கள். ஏறத்தாழ 1 ஓம் அல்லது அதற்கும் குறைவாகக் காட்ட வேண்டும். பாடும்போது ட்வீட்டர் திடீரென அடங்கினால் ஒலியைக் குறைத்துச் சற்றுப் பொறுக்கவும். பாலிஸ்விட்ச் ஆறியதும் ட்வீட்டர் தானாகவே திரும்பப் பேசும்.